காய்ச்சல் எந்த வழியாக வந்தது? சேலத்திலும் ஏற்காட்டிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் வீதிகளிலும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் சுகாதார ஆய்வாளராகச் சுற்றிய காலத்தில் தெருமுனை, பள்ளிக்கூடம், ரேஷன் கடை வரிசை என்று பல இடங்களில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. ஓய்வு பெற்ற பிறகும் போனில் கேட்கிறார்கள். கேள்விகளை அவரவர் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து எழுதுவது என் வேலையாக இருந்ததில்லை, நோய் வந்த வழியைத் தேடுவதுதான் வேலை. பதில்களும் அந்தப் பக்கம்தான் சாயும்.

தொத்து நோய்னா, தொட்டாத்தான் ஒட்டுமா?

சில நோய்களுக்கு மட்டும்தான் அப்படி. டெங்கு வந்தவரோடு ஒரே பாயில் படுத்தாலும் அவரிடமிருந்து நேராக வராது. நடுவே ஒரு கொசு வேண்டும். தட்டம்மை அதற்கு நேர் எதிர்: நோயாளி எழுந்து போன அறையில்கூட 2 மணி நேரம் வரை கிருமி காற்றில் நிற்கும். தடுப்பூசி போடாதவர்கள் 10 பேர் பக்கத்தில் இருந்தால் 9 பேருக்கு வந்துவிடும். ரேபிஸுக்குக் கடியோ கீறலோ வேண்டும். டைபாய்டு என்றால் ஒருவர் மலத்திலிருந்து கிளம்பியது இன்னொருவர் வாய்க்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கேட்க அருவருப்பாக இருக்கும், ஆனால் நடப்பது அதுதான்.

மொத்தத்தில் வழிகள் கொஞ்சம்தான்: வாய், மூச்சு, பூச்சிக்கடி, விலங்குக்கடி, புண், ரத்தம், உடலுறவு, தாயிடமிருந்து பிள்ளைக்கு. காய்ச்சலின் பெயர் தெரிய லேப் வேண்டும். வழி தெரிய நாலு கேள்வி போதும். ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிற வீடுகளில் ஒரே வாரத்தில் பலருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் முதலில் அந்தக் குழாயைப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் ஒருவருக்கு, பத்து நாள் கழித்துப் பக்கத்து வீட்டில் இருவருக்கு என்று காய்ச்சல் நகர்ந்தால் கொசுவைத் தேட வேண்டும். ஏற்காடு எஸ்டேட்டுக்குப் போய்வந்தவருக்கு மட்டும் காய்ச்சல், வீட்டில் வேறு யாருக்கும் இல்லை என்றால் அவர் உடம்பில் ஒரு கருப்புத் தழும்பைத் தேட வேண்டும். அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

கிருமி உள்ள போனா எல்லாருக்கும் நோய் வந்துடுமா? வந்தா உடம்புக்குள்ள என்னதான் செய்யுது?

எல்லாருக்கும் வராது. எவ்வளவு கிருமி போனது, உடம்புக்கு அது ஏற்கெனவே பழக்கமா, வயது என்ன, சர்க்கரை நோய் உண்டா என்பதைப் பொறுத்தது. டெங்கு கிருமி உடம்பில் ஏறியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அறிகுறியே இருக்காது, அல்லது சாதாரணக் காய்ச்சலாகப் போய்விடும். காசநோய்க் கிருமியும் பல பேர் நெஞ்சில் வருடக்கணக்கில் சும்மா கிடக்கும்.

செய்கிற கெடுதல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விதம். காலரா கிருமி குடலைத் துளைப்பதில்லை. ஒரு நஞ்சை மட்டும் விடுகிறது. அந்த நஞ்சால் உடம்பின் தண்ணீரும் உப்பும் குடலுக்குள் கொட்டி வெளியேறிவிடுகின்றன. உண்ணிக் காய்ச்சல் கிருமி ரத்தக் குழாய்களின் உள்சுவரில் போய் உட்கார்கிறது. அதனால்தான் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று எங்கு வேண்டுமானாலும் பாதிப்பு வரும். டெங்குவில் கெடுதலில் பெரும் பங்கு நம் உடம்பே காட்டுகிற எதிர்ப்பினால் வருவது. ரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பித்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே போய்விடும்.

கிருமி நுழைந்த நாளுக்கும் காய்ச்சல் அடிக்கிற நாளுக்கும் இடைவெளி உண்டு. காலராவுக்குச் சில மணி நேரம் முதல் 5 நாள், டெங்குவுக்கு 4 முதல் 10 நாள், டைபாய்டுக்கு ஒன்று முதல் மூன்று வாரம், ரேபிஸுக்குப் பெரும்பாலும் 2, 3 மாதம். "நேத்து மழையில நனைஞ்சேன், இன்னைக்கு டைபாய்டு" என்பார்கள். டைபாய்டு உள்ளே போனது அந்த மழைக்கு வெகு முன்னால்.

எங்க வீதியில சாக்கடை தேங்கல, வீடும் சுத்தமா இருக்கு. டெங்கு எப்படிங்க வந்துச்சு?

சாக்கடைக் கொசு வேறு, டெங்குக் கொசு வேறு. திருமணிமுத்தாற்றுக் கழிவுநீரில் வளர்ந்து ராத்திரி காதோரம் ரீங்காரம் போடுகிற கொசு யானைக்கால் நோயைப் பரப்பக்கூடியது, டெங்குவை அல்ல. டெங்குக் கொசுவுக்குத் தெளிந்த தண்ணீர்தான் பிடிக்கும். காலில் வெள்ளை வரிகள் இருக்கும். பகலில் கடிக்கும், அதிலும் காலை நேரத்திலும் பொழுது சாய்கிற நேரத்திலும் அதிகம்.

மேட்டூர் தண்ணீர் தினமும் வராத வீதிகளில் சனங்கள் பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து வைத்துத்தான் ஆக வேண்டும். அதைக் குற்றம் சொல்ல நான் தயாரில்லை. தண்ணீர் தினமும் வந்தால் டெங்கு ஒழிப்பு வேலை பாதியாகக் குறையும் என்பது என் கருத்து. அது வரை டிரம்மைத்தான் காபந்து பண்ண வேண்டும்.

ஒரு டார்ச்சை எடுத்து டிரம்முக்குள் அடித்துப் பாருங்கள். தண்ணீரின் மேல்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கும் அரை அங்குலம்கூட இல்லாத புழுக்கள், உங்கள் நிழல் விழுந்ததும் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கும். பொறுமையாக இருந்தால் மூச்சு விட மேலே வரும். அதுதான் அடுத்த வாரத்துக் கொசு. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க நம் ஊர் வெயிலில் 7 முதல் 10 நாள் போதும்.

நிறையப் பேர் டிரம்மைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, திரும்பப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். அது பாதி வேலைதான். முட்டை தண்ணீரில் இருப்பதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே டிரம்மின் சுவரில் கருப்புப் பொடியாக ஒட்டியிருக்கும். காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீர் பட்டதும் பொரியும். ஆகவே வாரம் ஒரு நாள் தேங்காய் நாராலோ பிரஷ்ஷாலோ உள்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, பிறகு பிடியுங்கள். மூடி இல்லாத டிரம்முக்குப் பழைய வேட்டியை இறுக்கிக் கட்டினாலும் போதும். துணி தொய்ந்து தண்ணீரில் நனையக் கூடாது.

அதன் பிறகு மாடியில் கிடக்கும் டயர், கொட்டாங்குச்சி, வாசலில் மழைநீர் நிற்கும் ஆட்டுக்கல், மணிபிளான்ட் பாட்டில். எல்லாரும் மறக்கிற இடம் ஒன்று உண்டு: ஃபிரிட்ஜின் பின்புறம் கீழே தண்ணீர் சொட்டி நிற்கும் தட்டு. அம்மாபேட்டைப் பக்கம் குழித்தறி ஓட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்வேன். கால் தொங்குகிற அந்தக் குழி பகலிலும் இருட்டு, குளிர்ச்சி. டெங்குக் கொசு ஒதுங்குவது அப்படிப்பட்ட இடத்தில்தான், கடிப்பதும் பெரும்பாலும் கணுக்காலில். தறியில் உட்காரும் முன் குழிக்குள் ஒரு துணியை வீசி விரட்டிவிட்டு உட்காருங்கள்.

புகை மருந்து அடிச்சா எல்லாம் செத்துடாதா?

பறக்கிற கொசுவில் கொஞ்சம் சாகும். டிரம்மில் இருக்கிற புழுவுக்கு ஒன்றும் ஆகாது. டெங்குக் கொசு கட்டிலுக்கடியிலும் தொங்கும் துணிக்குப் பின்னாலும் இருக்கும்போது நாம் கதவைச் சாத்திக்கொண்டு வீதியில் புகை அடிக்கச் சொல்கிறோம். காய்ச்சல் கண்ட வீட்டைச் சுற்றி உடனே அடிப்பதில் பலன் உண்டு. மற்றபடி மக்கள் மனம் ஆறுவதற்குத்தான்.

தொட்டியில ஊத்துற கொசுப்புழு மருந்து, குடிக்கிற தண்ணியில கலந்தா ஆபத்து இல்லையா?

அபேட் மருந்தைச் சொன்ன அளவில் ஊற்றினால் ஆபத்தில்லை. குடிநீரில் பயன்படுத்த உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட அளவுதான் அது. வாடை பிடிக்கவில்லை என்றால் குடிக்கும் தண்ணீரைத் தனியாக மூடி வைத்துவிட்டு, புழங்குகிற தண்ணீருக்கு ஊற்றச் சொல்லுங்கள். புழு இருக்கிறதா என்று டிரம்மைப் பார்க்க வருகிற சுகாதாரப் பணிப் பெண்களை வாசலோடு திருப்பி அனுப்பாதீர்கள்.

காய்ச்சல் விட்டுடுச்சு, பிளேட்லெட் மட்டும் குறையுது. பயப்படணுமா?

எண்ணை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆளைப் பார்த்துப் பயப்படுங்கள். டெங்குவில் ஏமாற்றுகிற கட்டமே காய்ச்சல் இறங்குகிற நேரம்தான். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு குறையும். வீட்டில் எல்லாரும் நிம்மதியாவார்கள். ரத்தக் குழாய் கசிவு தொடங்குவது அப்போதுதான். விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மலம் கருப்பாகப் போவது, கை கால் சில்லிடுவது, குழந்தை ஓயாமல் சிணுங்குவது அல்லது துவண்டு கிடப்பது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் வராமல் இருப்பது: இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று உட்காரக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பிளேட்லெட்டோடு சேர்த்து ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்பதையும் பார்ப்பார். நீர் கசிந்தால் ரத்தம் கெட்டிப்படும். பிளேட்லெட் ஏற்றுவது பொதுவாக 10,000-க்குக் கீழே போனாலோ, ரத்தக் கசிவு இருந்தாலோதான். 80,000 என்று ரிப்போர்ட் வந்ததும் ஊரெல்லாம் போன் போட்டு ரத்தம் தேட வேண்டியதில்லை.

இன்னொன்று. டெங்கு கிருமியில் 4 வகை. ஒன்று வந்துபோனால் அந்த வகைக்கு மட்டுமே பாதுகாப்பு. இரண்டாம் முறை வேறு வகை வந்தால் கடுமையாக அடிக்கும் வாய்ப்பு கூடுதல். "எனக்குத்தான் போன வருஷமே வந்துடுச்சே" என்பவர்தான் அதிகம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். காய்ச்சல் அடிக்கிற நாட்களில் நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்கவையுங்கள். அவரைக் கடிக்கிற கொசுதான் அடுத்த வீட்டுக்குப் போகும்.

மெடிக்கல்ல ஒரு செட் மாத்திரை வாங்கிப் போட்டா சரியாயிடுதே, டாக்டர் எதுக்கு?

அந்தச் செட்டைப் பிரித்துக் கையில் கொட்டிப் பாருங்கள். ஒன்று பாராசிட்டமால். ஒன்று பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை. டெங்குவாக இருந்தால் வயிற்றில் ரத்தக் கசிவை உண்டாக்கக் கூடியது அதுதான். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் எல்லாம் அதே கதை. மூன்றாவது ஓர் ஆன்டிபயாடிக், இரண்டே வேளைக்கு. கிருமியைக் கொல்ல அது போதாது, மருந்துக்கு அசராத கிருமியைப் பழக்கிவிடப் போதும். சில செட்டில் சின்னதாக ஒரு ஸ்டீராய்டும் இருக்கும். போட்டதும் ஆள் எழுந்து நடப்பது அதனால்தான். அப்படிச் "சரியாகி" வேலைக்குப் போய், ஐந்தாம் நாள் மயங்கி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போடுங்கள். கஞ்சி, இளநீர், மோர் நிறையக் குடியுங்கள். இரண்டு நாள் தாண்டினால் ரத்தம் பாருங்கள். எந்த நாள் எந்த டெஸ்ட் என்பதும் முக்கியம். டெங்குவுக்குக் காய்ச்சலின் முதல் 5 நாளுக்குள் என்றால் என்.எஸ்.1 என்கிற ரத்த டெஸ்ட். அதன் பிறகு என்றால் எதிர்ப்புப் பொருளைப் பார்க்கும் டெஸ்ட். டைபாய்டுக்கு இரண்டாம் நாளே விடால் டெஸ்ட் எடுத்து வருகிற பாசிட்டிவ்வை நான் பெரிதாக நம்புவதில்லை. ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர்தான் நம்பகமானது.

பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் கஷாயம்?

நிலவேம்புக் குடிநீரை அரசே கொடுக்கிறது, குடிக்க விரும்புகிறவர்கள் குடியுங்கள். ஆனால் கஷாயம் குடித்தோம் என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பதுதான் சிக்கல். வாந்தி எடுக்கிற குழந்தைக்குக் கசப்புச் சாறு புகட்டி இன்னும் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

ஏற்காட்டுல காப்பிப் பழம் பறிக்கப் போய்ட்டு வந்தேன். பத்து நாளா காய்ச்சல், டெங்கு இல்ல, டைபாய்டும் இல்லங்கிறாங்க. அப்ப என்ன?

உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ஸ்க்ரப் டைபஸ் என்று சீட்டில் எழுதுவார்கள். இது மாட்டு மேல் இருக்கிற உண்ணியால் வருவதில்லை. புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கே தெரியாத ஒரு செம்பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருகிறது. அந்தக் குஞ்சு எலியின் மேல் ஏறித் தின்று வளரும். மனிதன் குறுக்கே போனால் அவன் மேலும் ஏறும். கடித்தது தெரியாது, வலிக்காது, அரிக்கவும் அரிக்காது.

மழை ஓய்ந்து குளிர் தொடங்குகிற மாதங்களில்தான் இது அதிகம். சேர்வராயன் மலையில் கார்த்திகை முதல் தை வரை காப்பி அறுவடையும் அதே நேரம். செடிக்கிடையே குனிந்து நாள் முழுக்க நிற்கிறவர்கள், விறகு பொறுக்கப் போகிறவர்கள், புல் அறுக்கிறவர்கள், புதருக்குள் ஒதுங்குகிறவர்கள் எல்லாரும் இதன் வழியில் இருக்கிறார்கள். மலைக்குத்தான் என்றும் இல்லை. சேலத்திலேயே எலி ஓடுகிற காலி மனையில் முள்ளும் புல்லும் மண்டிக் கிடந்தால் அங்கேயும் வரும்.

கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் ஆரம்பிக்கும். தலையைப் பிளக்கிற வலி, உடம்பு வலி, சிலருக்கு இருமல், சிலருக்குப் படை. இதில் கண்டுபிடிக்க உதவுகிற ஒரே அடையாளம், கடித்த இடத்தில் பீடியால் சுட்டது போன்ற ஒரு கருப்புப் பொருக்கு. சுற்றிலும் லேசாகச் சிவந்திருக்கும். அது முழங்கையிலோ கழுத்திலோ பளிச்சென்று இருந்தால் எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். இது பதுங்குகிற இடங்கள் அக்குள், தொடை இடுக்கு, பாவாடை நாடா கட்டும் இடம், மார்புக்குக் கீழ், காதுக்குப் பின்னால், தொப்புள். டாக்டரிடம் பெண்கள் காட்டக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிற இடங்களும் அவைதான். வீட்டிலேயே கணவரோ அம்மாவோ அக்காவோ வெளிச்சத்தில் ஒரு முறை உடம்பு முழுக்கப் பார்த்துவிட்டு, இருந்தால் போய்ச் சொல்லுங்கள். எல்லாருக்கும் அந்தத் தழும்பு இருக்காது. இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. அதனால் "எஸ்டேட்டுல வேலை பார்த்தேன்" என்கிற தகவலை நீங்களாகவே டாக்டரிடம் சொல்லுங்கள். பல நேரம் அந்த ஒரு வாக்கியம்தான் நோயைக் காட்டிக் கொடுக்கும்.

மருந்து விலை அதிகமில்லை. டாக்ஸிசைக்ளின். காலத்தில் கொடுத்தால் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். வழக்கமாகக் கொடுக்கிற பென்சிலின் வகை ஆன்டிபயாடிக் இதற்கு வேலை செய்யாது. பத்து நாள் ஊசி போட்டும் இறங்கவில்லை என்று வருகிறவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். நோய் முற்றிப் போனவர்களுக்கு டாக்ஸிசைக்ளினையும் அஸித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது ஏதாவது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று 2023-ல் வெளியான ஆய்வு காட்டியது. அதை முன்னின்று நடத்தியது நம் வேலூர் சி.எம்.சி.

தடுப்பூசி கிடையாது. ஒரு ஆளிடமிருந்து இன்னொரு ஆளுக்குப் பரவவும் பரவாது. முழுக்கைச் சட்டை, காலை மூடும் காலணி, பேன்ட்டோ சேலைக்குள் கால் சட்டையோ. மதியம் சாப்பிட்டுவிட்டுப் புல்லில் படுக்காமல் ஒரு தார்ப்பாய் விரித்துப் படுங்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளியுங்கள். வேலை உடுப்பைக் கட்டிலில் போடாமல் சுடுதண்ணீரில் ஊறப்போடுங்கள். ஏரியையும் கிளியூர் அருவியையும் பார்க்க வருகிற சுற்றுலாக்காரர்களுக்கும் புல்லில் உட்காரும் விஷயத்தில் இதே யோசனைதான்.

மலை ஊத்துத் தண்ணி மூலிகைத் தண்ணிதானே, அப்படியே குடிக்கலாமில்ல?

ஊற்றுக்கு மேலே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் குடியுங்கள். மாடு மேய்கிறதா, கக்கூஸ் குழி இருக்கிறதா, புதிதாக ரிசார்ட் கட்டுகிறார்களா. தண்ணீர் தெளிவாக இருப்பதற்கும் கிருமி இல்லாமல் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. கொதிக்க வைத்துக் குடிப்பதுதான் நல்லது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோறு வேக நேரமாவது அதனால்தான். ஆனால் கிருமி சாக அந்தச் சூடு தாராளம். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். சமவெளியில் குழாய்த் தண்ணீரில் கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். லேசான குளோரின் வாடை வந்தால் நிம்மதியாகக் குடியுங்கள்.

தட்டுவடை செட் சாப்பிடலாமா, கூடாதா?

சேலத்துக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது! நானும் சாப்பிடுகிறேன். தட்டுவடை எண்ணெயில் பொரித்தது, அதில் பயமில்லை. நடுவே வைக்கிற துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், மேலே தடவுகிற புதினாச் சட்னி, காரச் சட்னி எல்லாம் பச்சை. காய் எந்தத் தண்ணீரில் கழுவப்பட்டது, சட்னி எந்தத் தண்ணீரில் அரைபட்டது, எத்தனை மணிக்கு அரைத்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கடைக்காரர் காசு வாங்கிய கையாலேயே காயை அள்ளுகிறாரா, தட்டு கழுவும் வாளித் தண்ணீர் என்ன நிறத்தில் இருக்கிறது என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கூட்டம் அள்ளுகிற கடையில் சட்னி தேங்காது, அதுவும் ஒரு கணக்கு. எலுமிச்சை பிழிந்தால் கிருமி செத்துவிடும் என்பது கதை.

வயித்தால போனா குளுக்கோஸ் ஏத்தணுமா?

குடிக்க முடிகிற வரை தேவையில்லை. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். கிடைக்காவிட்டால் 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக் கூடாது. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. குழந்தைகளுக்கு 14 நாள் துத்தநாக மாத்திரையும் உண்டு. தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தாதீர்கள். கண் குழி விழுந்தால், மலத்தில் ரத்தம் கண்டால், குடித்ததெல்லாம் வாந்தியானால் ஆஸ்பத்திரி.

மஞ்சள் காமாலைக்கு நாட்டு மருந்து குடிச்சா போதும்னு சொல்றாங்களே?

தண்ணீரால் வருகிற ஏ, ஈ வகைக் காமாலை பெரும்பாலும் ஓய்வெடுத்தாலே தானாகப் போய்விடும். நாட்டு மருந்துக்குக் கிடைக்கிற பெயரில் பாதி அதனால் வந்தது. கர்ப்பிணிக்கு ஈ வகை வந்தால் உயிருக்கே ஆபத்து, வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது. பி, சி வகை ரத்தம், ஊசி, உடலுறவு வழியாக வருவது. வருடக்கணக்கில் கல்லீரலைத் தின்னும். எந்த வகை என்று டெஸ்ட் எடுத்த பிறகு கீழாநெல்லியைப் பற்றிப் பேசலாம்.

அம்மை போட்டிருக்கு. ஊசி மாத்திரை கொடுத்தா ஆத்தா கோவிச்சுக்க மாட்டாளா?

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் நானும் நின்றிருக்கிறேன், நம்பிக்கையோடு சண்டை போட வரவில்லை. வாசலில் வேப்பிலை செருகுவதும், வெளியாட்கள் வராமல் இருப்பதும், நோயாளியைத் தனியே படுக்கவைப்பதும் சின்னம்மை பரவாமல் தடுக்க நல்ல ஏற்பாடுதான். பெரியம்மை உலகத்தை விட்டே போய்விட்டது, 1980-ல் அறிவித்துவிட்டார்கள். இப்போது வருவது சின்னம்மையும் தட்டம்மையும்தான்.

சின்னம்மை, கொப்புளம் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலிருந்து எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை பரவும். மூணாம் தண்ணி ஊற்றிவிட்டோம் என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல், பொருக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள். குளிக்கக் கூடாது என்பதும் வேண்டாம். மேலுக்கு ஊற்றிச் சுத்தமாக வைத்தால் கொப்புளத்தில் சீழ் பிடிக்காது. பெரியவர்கள், கர்ப்பிணி, பிறந்த குழந்தை, புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர் என்றால் கொப்புளம் கண்ட முதல் நாளே டாக்டரைப் பார்க்க வேண்டும். அசைக்ளோவிர் முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். குழந்தைக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது.

ஏற்காட்டுல குரங்கு சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்கும்போது கீறிடுச்சு. சின்னக் கீறல்தான். ஊசி போடணுமா?

போட வேண்டும். ரேபிஸ் நாய்க்கு மட்டும் வருவதில்லை. குரங்கு, பூனை, கீரி, நரி எல்லாவற்றிடமிருந்தும் வரலாம். ரத்தம் வராத கீறலானாலும் ஊசி உண்டு. ரத்தம் வந்தால் ஊசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்கிற தயார்நிலை எதிர்ப்புப் பொருளும் போட வேண்டும்.

முதல் வேலை ஊசி இல்லை, சோப்பு. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். 15 நிமிடம் என்பது சொல்வதற்குச் சுலபம், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவினால்தான் அது எவ்வளவு நீளம் என்று தெரியும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். கட்டுப் போட வேண்டாம், கட்டாயம் இல்லாவிட்டால் தையலும் வேண்டாம். கிருமி நரம்பு வழியாக மூளைக்கு மெல்ல ஏறுகிறது. ஏறி முடிப்பதற்குள் தடுப்பூசி வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அறிகுறி தொடங்கிவிட்டால் அனேகமாக யாரையும் காப்பாற்ற முடியாது.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பது பழைய காலம். இப்போது தோலுக்குள் போடுகிற முறையில் 0, 3, 7, 28-ஆம் நாட்கள், தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். இரண்டு ஊசியோடு நிறுத்துகிறவர்கள் ஏராளம், நிறுத்தாதீர்கள். வீட்டு நாய் கடித்தால் ஊசியை ஆரம்பித்துவிட்டு, நாயைக் கட்டிவைத்து 10 நாள் பாருங்கள். அது நன்றாக இருந்தால் மிச்ச ஊசி வேண்டுமா என்று டாக்டர் சொல்வார். குரங்கை அப்படிக் கட்டிவைத்துப் பார்க்க முடியாது, முழுக் கணக்கும் போட்டே ஆக வேண்டும். ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை நிறுத்திக் குரங்குக்குத் தீனி போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். பிடுங்கித் தின்னப் பழக்கியது அவர்கள்தான்.

டிபி வந்தவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கணுமா?

வேண்டாம். காசநோய் தட்டால் பரவாது, இருமல் காற்றால் பரவும். ஜன்னலைத் திறந்து வைப்பது தட்டை ஒதுக்குவதைவிட ஆயிரம் மடங்கு பயன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறைகளில் சின்ன அறைக்குள் ஏழெட்டுப் பேர் காற்றில்லாமல் உட்கார்ந்து கொலுசு வேலை பார்ப்பதைப் பார்க்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது அந்த அறையில் ஜன்னல் எங்கே என்பதுதான்.

2 வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளி டெஸ்ட். மருந்து இலவசம், பெரும்பாலானவர்களுக்கு 6 மாதம். சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே மற்றவர்களுக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். காசநோயாளியை மலைவாச மருத்துவமனையில் ஒதுக்கிவைக்கத் தேவையில்லை, வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம், அதனால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தில்லை என்று உலகத்துக்கே காட்டியது 1959-ல் வெளியான சென்னை ஆய்வுதான். சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும், கேட்டு வாங்குங்கள்.

மெட்ராஸ் ஐ வந்தவர் கண்ணைப் பார்த்தா நமக்கும் வருமா?

பார்த்தால் வராது. அவர் கண்ணைத் துடைத்த கை, துண்டு, தலையணை உறை, கதவுக் கைப்பிடி, செல்போன் வழியாக வரும். கருப்புக் கண்ணாடி அவருக்குக் கூச்சம் குறையத்தான்.

ஊசி போட்டா காய்ச்சல் வருதே, எதுக்குப் போடணும்?

ஒன்றிரண்டு நாள் காய்ச்சல், உடம்பு எதிர்ப்பைக் கற்றுக்கொள்கிறது என்பதற்கு அடையாளம். இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமியால் கடைசியாக இளம்பிள்ளை வாதம் கண்டது 2011 ஜனவரியில். 2014-ல் நாடு போலியோ அற்றது என்று சான்று கிடைத்தது. அந்த வாதத்தால் காலை இழுத்து நடக்கிற வயதானவர்கள் உங்கள் வீதியிலேயே யாராவது இருப்பார்கள். தட்டம்மை ஊசியின் இரண்டாவது தவணையைத் தவறவிடுவதுதான் மலைக் கிராமங்களில் அதிகம். ஒன்றரை வயதில் போடுவது அது. தவறியிருந்தால் இப்போதும் போடலாம்.

பிள்ளையை எத்தனை நாள் கழிச்சு ஸ்கூலுக்கு அனுப்பலாம்?

சின்னம்மை என்றால் எல்லாம் பொருக்குத் தட்டிய பிறகு. தட்டம்மை, படை கண்டு 4 நாள் முடிந்ததும். பொன்னுக்கு வீங்கி, வீக்கம் தொடங்கி 5 நாள் ஆனதும். வயிற்றுப்போக்கு நின்று 48 மணி நேரம். மெட்ராஸ் ஐ, பீளை நின்றதும். டெங்கு, காய்ச்சல் விட்டு டாக்டர் சரியென்றதும். டெங்கு வந்த பிள்ளையால் பள்ளியில் மற்ற பிள்ளைகளுக்கு நேராக ஆபத்தில்லை. ஆனால் வகுப்பறைக்குப் பின்னால் மூடாத தண்ணீர்த் தொட்டி இருந்தால் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். மற்ற சந்தேகங்களுக்கு 104-ல் கேட்கலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.